விடத்தல்தீவு வள்ளச் சவாரி: மோட்டரை நிறுத்தத் தெரிந்த ஓட்டி

நான் மல்லாவியில் ஹயஸ் வான் வைத்து ஹயர் ஓட்டுகிறவன். மீளக் குடியேறி வந்த காலத்திலிருந்து இதுதான் தொழில். வெளிநாட்டுச் சனத்தை நல்லூர், நயினாதீவு, மடு, கோணேசர் கோயில் என்று ஏற்றி இறக்கியே வருடம் போய்விட்டது. இப்போது கொஞ்சக் காலமாகக் கேள்வி மாறியிருக்கிறது. "அண்ணை, கோயில் போதும், பிள்ளையளுக்குக் காட்ட வேறை ஏதும் இடம் இருக்கோ?" என்று கேட்கிறார்கள். நான் மன்னார்க் கரையில் இருக்கிற விடத்தல்தீவு என்பேன். "அங்கை என்ன இருக்கு?" என்பார்கள். அதைத் தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வேறொரு களப்பில், ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு குடும்பத்தை வள்ளத்தில் ஏற்றினேன். ஓட்டி இளம் பெடியன். பறவைக் கூட்டம் தெரிந்ததும் நேரே அதன் நடுவுக்கு மோட்டரை முறுக்கிவிட்டான். ஆயிரக்கணக்கில் எழும்பிப் பறந்தன. பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். அந்த வீடியோவை இரண்டு மாதம் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாறி மாறிப் போட்டேன். இப்போது அதை அழித்துவிட்டேன், ஏன் என்பது கீழே வரும்.

இந்தமுறை ஹயர் கனடாக் குடும்பம். தாய், தகப்பன், பத்து வயது மகன், பதினாலு வயது மகள், அவர்களோடு எழுபத்தாறு வயது அம்மம்மா. அம்மம்மாவின் சொந்த ஊர் பள்ளமடு. விடத்தல்தீவுக்கு அடுத்த ஊர்தான். தை மாதக் கடைசி, வாடைக்காற்று ஓய்ந்து கடல் படுத்துக் கிடக்கிற நேரம்.

விடத்தல்தீவில் ரிக்கெட் கவுண்டர், வரவேற்பறை, சீருடை போட்ட வழிகாட்டி என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மீன்பிடிக்கிற ஒருவர், தொழிலுக்குப் போகாத நாளில், தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார். அவருடைய இலக்கம் எனக்கு ஆண்டாங்குளத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிற ஒருவர் மூலம் கிடைத்தது. நாலு தரம் அடித்த பிறகுதான் எடுத்தார். கடலுக்குள் இருந்தாராம். இது இயற்கை ஒதுக்கம் என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதை அவரே முதலில் சொன்னார். அடையாள அட்டை, கடவுச்சீட்டு இலக்கங்களை வாங்கி, இரண்டு நாள் கழித்து "சரி தம்பி, வரலாம்" என்றார். முழு வள்ளத்துக்கும் 8,000 ரூபா. ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு இல்லை. ஆறு பேருக்கு மேல் ஏற்றமாட்டேன் என்றும், ட்ரோன் கொண்டுவந்தால் வள்ளத்தை இறக்கமாட்டேன் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். விலை நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு இரண்டரை மணித்தியாலம் கடலில் நிற்பதென்றால் சும்மாவா?

அதிகாலை நாலரைக்கு மல்லாவியிலிருந்து வெளிக்கிட்டோம். துணுக்காய் தாண்டி வெள்ளாங்குளம் போய், அங்கே மன்னார்–பூநகரி வீதியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இந்த ஏ32 வீதியை இப்போது பார்க்கிறவர்களுக்குப் பழைய கோலம் தெரியாது. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த பிறகுதான் யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு இந்தக் கரையால் ஓடலாம் என்றே பலருக்குத் தெரிந்தது. இலுப்பைக்கடவை தாண்ட விடிந்தது. பின்சீற்றில் நித்திரையாய் இருந்த அம்மம்மா எழும்பி, வீதியோரத்துப் பற்றையைக் காட்டி, "வானை நிப்பாட்டு மோனை" என்றார். நிறுத்தினேன். அவர் காட்டியது விடத்தல். முள் மரம், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூட. அதன் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே பூங்கொத்தில் பாதி மஞ்சள், பாதி இளஞ்சிவப்பு. யாரோ இரண்டு பூவை ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டது போல இருக்கும். "இதாலைதான் ஊருக்குப் பேர். தீவெண்டு சொன்னாலும் தீவில்லை, மாரியிலை பார்த்தால் தீவு மாதிரித்தான் கிடக்கும்" என்றார் அம்மம்மா. எத்தனையோ தரம் இந்த வழியால் போயிருக்கிறேன், அந்தப் பூவை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெரிய வீதியிலிருந்து மேற்கே திரும்பி ஊருக்குள் போனால் இறங்குதுறை. குறைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழிவறை இல்லை. அம்மம்மாவையும் மகளையும் பக்கத்து வீடொன்றில் கேட்டுத்தான் அனுப்பினேன். அந்த வீட்டுக்காரி முகம் கோணாமல் விட்டது அவருடைய நல்ல மனசு, அதை எல்லா நாளும் நம்பி இருக்க முடியாது. நிழல் கிடையாது. உயிர்காப்பு அங்கி ஐந்துதான் இருந்தது, ஒன்றின் பட்டி அறுந்து கயிற்றால் கட்டியிருந்தது. சின்னவனுக்கு அளவான அங்கி இல்லை. பெரியவர்களுடையதைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினோம். ஆறரைக்கு என்று சொன்ன வள்ளம் ஏழேகாலுக்குத்தான் வெளிக்கிட்டது. கரையில் பிளாஸ்டிக் போத்தலும் கிழிந்த தங்கூசி வலையும் மலை மாதிரிக் கிடந்தன. வள்ளத்தில் ஏறுவதற்குச் சேற்றில் முழங்காலளவு இறங்க வேண்டும். வெள்ளைச் சப்பாத்தோடு வந்த மகள் அழாக் குறை. அம்மம்மா "நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ" என்று கவிழ்த்து வைத்திருந்த வள்ளமொன்றின் மேல் இருந்துவிட்டார்.

ஓட்டிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கதை குறைவு. துறையிலிருந்து வாய்க்கால் போன்ற ஒரு நீரோட்டத்தால் மோட்டரை மெல்லப் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் கண்டல் காடு. உள்ளே போனதும் மோட்டரைத் தூக்கி வைத்துவிட்டு மரக்கோலை எடுத்தார். அப்போதுதான் சத்தங்கள் வரத் தொடங்கின. சேற்றுக்குள்ளிருந்து "டப் டப்" என்று ஏதோ வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். சின்னவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். "றால் வகை தம்பி. கொடுக்காலை அடிக்குது" என்றார் ஓட்டி. சேற்றில் உளுவை மீன்கள் செட்டையை ஊன்றி ஊன்றித் தாவின. மீன் நடக்கிறதைக் கண்ட பிறகு அந்தப் பெடியன் கைப்பேசியைக் கையில் எடுக்கவில்லை. தாய் அதை எனக்குக் கண்ணால் காட்டினார்.

வள்ளத்தை ஒரு மரத்தோடு அணைத்து, இலை ஒன்றைக் காட்டி "நக்கிப் பார்" என்றார் ஓட்டி. கண்ணா மரம். இலையில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. சின்னவன் நக்கினான், "உப்பு!" என்று கத்தினான். பிறகு நாங்கள் எல்லோரும் நக்கினோம். வேர் உறிஞ்சுகிற உப்புத் தண்ணீரில் மிஞ்சிய உப்பை இந்த மரம் இலையால் வியர்த்து வெளியே தள்ளுகிறது. அடியில் பார்த்தால் சேறு முழுக்கப் பென்சில் குத்தி வைத்தது போல மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்றில்லை, அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. கொஞ்சம் தள்ளி இன்னொரு மரம், பளபளப்பான இலை, ஒன்றிரண்டு இலை பழுத்துச் சிவந்திருந்தது. மகள் கையை நீட்டினாள். "அதைத் தொடாதை பிள்ளை!" முதல் தடவையாக ஓட்டியின் குரல் உயர்ந்தது. அது தில்லை. கிளை ஒடிந்தால் பால் வரும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான் என்று தகப்பன் பிள்ளைகளுக்குச் சொன்னார். நடராசர் ஆடுகிற காடு இப்படிச் சேறும் உப்புமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்க எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. தேவாரத்தில் எத்தனை தரம் தில்லை தில்லை என்று படித்திருப்பேன், மரத்தைக் கண்டது இங்கேதான்.

அடுத்தது கண்டல். கால்களை அகட்டி நிற்கிற மாதிரி வளைந்த வேர்கள். கிளையில் முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்குவதைக் காய் என்று நினைத்தேன். அது காய் மட்டுமில்லை, கன்றும்தான். விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடுகிறது. முற்றியதும் விழுந்து, ஈட்டி மாதிரிச் சேற்றில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் மிதந்து போய் வேறு கரையில் வேர் விடும். தண்ணீரில் மிதந்த ஒன்றைச் சின்னவன் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான், கனடாவுக்குக் கொண்டுபோகப் போகிறானாம். ஓட்டி ஒன்றும் சொல்லவில்லை.

வாய்க்கால் முடிந்ததும் வெளி. பாக்கு விரிகுடா இங்கே கடல் என்றே தெரியாது. ஓட்டி கோலைக் குத்திக் காட்டினார், இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. வற்று நேரம் என்பதால் சேற்றுத்திட்டுகள் வெளியே கிடந்தன. அதில் வட்டம் வட்டமாகத் தடங்கள், ஒவ்வொன்றும் சின்னக் கிணற்றடி அகலம், நடுவில் சேறு மேடாக நிற்கிறது. "இது என்ன, ஆரும் தோண்டினதோ?" என்றேன். "பூநாரை அரைச்ச இடம்" என்றார். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைச் சேற்றில் வைத்துக்கொண்டு, காலால் மிதித்து மிதித்துத் தன்னைத்தானே சுற்றி வருமாம். மிதிக்க மிதிக்கச் சேறு கலங்கி உள்ளே இருக்கிற சின்னச் சின்னப் புழு பூச்சி மேலே வரும், அதை அலகால் வடித்து எடுக்கும். எங்கள் வீட்டில் ஆட்டுக்கல்லில் உழுந்து அரைக்கிறது போலத்தான், கல்லுக்குப் பதில் பறவை சுற்றுகிறது. அதற்குப் பிறகு நான் எங்கே பார்த்தாலும் வட்டம்தான் தெரிந்தது.

பூநாரைகள் அரைக் கிலோமீற்றர் தூரத்தில் நின்றன. நான் எண்ணவில்லை, முந்நூறு நானூறு இருக்கும். எல்லாம் சிவப்பில்லை. சாம்பலும் அழுக்கு வெள்ளையுமாகக் கொஞ்சம் நின்றன, அவை குஞ்சு முதிர்ந்து இன்னும் நிறம் பிடிக்காதவை. அந்த நிறம் அவை தின்கிற சின்ன இறால் வகையிலிருந்தும் பாசியிலிருந்தும் வருவது, பிறவியில் வருவதில்லை. ஓட்டி கோலை ஊன்றி வள்ளத்தைக் கட்டினார். "இதுக்கு மேலை போகேலாது" என்றார்.

தகப்பன் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அண்ணை, ஒருக்கா எழுப்பிவிடச் சொல்லுங்கோவன். காசு கூடக் குடுக்கலாம். பிள்ளையள் பறக்கிறதைப் பார்க்கட்டும்." போன வருடத்து நானாக இருந்தால் ஓட்டியிடம் கேட்டிருப்பேன். இப்போதும் கேட்டேன்தான், கொஞ்சம் வெட்கத்தோடு. அவர் கோபிக்கவில்லை. "தம்பி, உது கொக்கு மாதிரி இருந்த இடத்திலை எழும்பாது. தண்ணிக்கு மேலை ஓடி ஓடித்தான் எழும்பும். ஒருக்கா எழுப்பினால் காலமை திண்டது அவ்வளவும் அதோடை போச்சு. இனி ரெண்டு மாசத்திலை திரும்பிப் போகவேணும், அதுக்குத்தான் திண்டுகொண்டு நிக்குது. நீங்கள் சோறு தின்னேக்கை நான் வந்து எழுப்பினால் எப்பிடி இருக்கும்?" அவ்வளவுதான். பிறகு பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

அவர் சொன்னதைப் பிறகு தேடிப் படித்தேன். பூநாரை இலங்கையில் முட்டையிடுவதில்லை. இந்தியாவில் அவை கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கிற இடம் குஜராத்தின் கட்ச் உப்பு வெளி. மன்னார்க் கரையில் இறங்குகிற பறவைகள் நடு ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தெற்கே வருபவை; அந்தப் பாதையில் இலங்கைதான் கடைசி நிலம், அதைத் தாண்டினால் தெற்கே வெறும் கடல்தான். மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பூட்டி விட்ட ஒரு கடற்காகம் 2021இல் ரஷ்யாவின் வடமுனைக் கரை வரைக்கும் பறந்து போனது பதிவாகியிருக்கிறது. நாங்கள் கொழும்புக்கு ஒரு ஓட்டம் ஓடினாலே இரண்டு நாள் படுக்கிறோம்.

முக்கால் மணித்தியாலம் அப்படியே இருந்தோம். முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் நெளிந்தார்கள். அதன் பிறகுதான் நடந்தது: நாங்கள் அசையாமல் இருக்க, கூட்டம் மேய்ந்து மேய்ந்து தானாகவே எங்கள் பக்கம் வந்தது. அவற்றின் சத்தம் கேட்டது, தாராவும் வாத்தும் சேர்ந்து முணுமுணுக்கிற மாதிரி. ஒன்று சுற்றிச் சுற்றிச் சேறு அரைப்பதை வெறும் கண்ணாலேயே பார்த்தோம். மேலே விராலடிப்பான் ஒன்று வந்து காலை முன்னே நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழுந்து, ஒரு கெழுத்தியோ என்னவோ தூக்கிக்கொண்டு போனது. ஊசிவால் வாத்து ஒரு பெரிய கூட்டம், கூழைக்கடா ஏழு, மற்றச் சின்ன உள்ளான் வகைகளுக்கு எனக்குப் பெயர் தெரியாது. தொலைநோக்கி கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோகவில்லை, அது பெரிய பிழை.

திரும்பும்போது மோட்டரை நடுவில் தூக்கி, தண்ணீருக்குள் பார்க்கச் சொன்னார். அடியில் பச்சைப் புல்வெளி. யாழ்ப்பாணத்தார் கரையொதுங்கிய சாதாளையைப் புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாக அள்ளுவார்களே, அது உயிரோடு நிற்கிற இடம் இப்படித்தான். இந்தப் புல்லை நம்பித்தான் ஆவுளியா, அதாவது கடற்பசு, வாழ்கிறது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும், சில வருடத்துக்கு ஒருமுறை ஒரேயொரு குட்டி போடும். "கண்டிருக்கிறியளோ?" என்று மகள் கேட்டாள். வலையில் செத்துக் கிடந்ததைச் சின்ன வயதில் கண்டதாகவும், உயிரோடு ஒரே ஒருதரம் முதுகு மட்டும் தெரிந்ததாகவும் சொன்னார். அவருடைய அப்புவின் காலத்தில் இறைச்சி ஊருக்குள் பங்கு போட்டார்களாம். "மாட்டிறைச்சி மாதிரி இருக்குமாம். இப்ப பிடிச்சால் மறியல்தான்." எதிர்க் கரையில், தமிழ்நாட்டின் பாக்கு விரிகுடாப் பகுதியில், 2022 செப்டெம்பரில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுவுக்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். ஒரே கடல், ஒரே புல். மாடு எல்லை பார்த்து மேயுமா? றோலர்களும், அதாவது இழுவைப் படகுகளும், எல்லை பார்ப்பதில்லை என்பது வேறு கதை. இழுவைமடி போன இடத்தில் இந்தப் புல் வேரோடு போய்விடும் என்று சொல்லும்போது மட்டும் அவர் முகம் இறுகியது.

ஆகவே கடற்பசு பார்க்கலாம் என்று யாராவது காசு கேட்டால் நம்பவேண்டாம். எங்கள் ஓட்டி அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு புள்ளி கூட.

இந்த இடத்தின் கதையைப் பற்றி அவர் தானாகச் சொல்லவில்லை, கேட்டால் சொல்கிறார். போர்க் காலத்தில் விடத்தல்தீவு கடற்புலிகளின் பெரிய தளம். இராணுவம் 2008 ஜூலை 16ஆம் திகதி பிடித்தது. அந்த ஆவணியில் நாங்களும் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டோம், அதனால் எனக்கு அந்தத் திகதி மறக்காது. நாங்கள் இரண்டு பேரும் அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அதற்கும் முந்திய கதையும் இந்தக் கரைக்கு உண்டு. தெற்கே கொஞ்சத் தூரத்தில் மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதீச்சரம். ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து கட்டிய துறைமுகம் இன்றைக்குப் புல் முளைத்த மேடு. 1964 மார்கழிப் புயலைப் பற்றி அம்மம்மா கரையில் இருந்து ஓட்டியின் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே புயல். காடு நின்ற பக்கத்து வீடுகள் தப்பியதாகத்தான் அவருடைய நினைவு.

29,180 ஹெக்டேயர் பரப்பை இயற்கை ஒதுக்கமாக 2016இல் அறிவித்தார்கள். காடு, சேறு, உவர்நிலம், கடற்புல் எல்லாம் அதற்குள் அடங்கும். தேசிய வனம் மாதிரி ஆளை வெளியே தள்ளிக் கதவை மூடுகிற வகை இல்லை, பரம்பரையாகச் செய்த தொழிலைச் செய்யலாம். இது பரவாயில்லை என்று ஊர்ச் சனம் பழகிக்கொண்டு வர, 2024 மே மாதம் அதிலிருந்து 168 ஹெக்டேயரை விலக்கி வர்த்தமானி வந்தது. நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு, முக்கியமாக இறாலுக்கு என்றார்கள். சூழல் அமைப்புகள் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கின. இதில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வன்னியில் வேலை வேண்டும், அதை நான் மறுக்கமாட்டேன், என் தம்பியே வேலையில்லாமல் இருக்கிறான். ஆனால் புத்தளம், சிலாபம் பக்கம் ஹயர் போகிறபோது வீதியோரத்தில் கைவிட்ட இறால் குளங்களை நான் கண்டிருக்கிறேன். 1990களில் வெண்புள்ளி நோய் வந்து பண்ணை பண்ணையாகப் படுத்தது. கண்டல் வெட்டிய இடத்தில் இறாலும் இல்லை, கண்டலும் இல்லை. ஓட்டி இதை ஒரு வரியில் முடித்தார்: "கடலிலை பிடிக்கிற றால் குஞ்சு இந்த வேருக்குள்ளைதான் வளருது. இதை வெட்டிப்போட்டு எங்கை றால் வளர்க்கப்போகினம்?"

கரைக்கு வரப் பத்து மணி. ஓட்டியின் வீட்டில் சாப்பாடு முதலே சொல்லி வைத்திருந்தேன், ஆளுக்கு 900 ரூபா. இடியப்பம், நீலக்கால் நண்டுக் குழம்பு, பாரைச் சொதி, மாசிச் சம்பல். நண்டுக்கு உறைப்பு அதிகம், கனடாப் பிள்ளைகள் கண்ணீரோடு தின்றார்கள், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. அம்மம்மா அதற்குள் அந்த வீட்டுக்காரியோடு உறவுமுறை கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த கையோடு இரண்டு கிலோ நண்டு விலை பேசி, இருநூறு ரூபா குறைத்தும் வாங்கிவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் வங்காலைப் பக்கம் போனோம். இதற்கு வள்ளமும் வேண்டாம், காசும் வேண்டாம். மதவாச்சி–மன்னார் வீதி சரணாலயத்துக்குள்ளால்தான் போகிறது. 2008இல் சரணாலயம், 4,839 ஹெக்டேயர். 2010 ஜூலையில் இலங்கையின் நாலாவது ராம்சர் ஈரநிலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதென்று சர்வதேச ஒப்பந்தப்படி பட்டியலிட்ட ஈரநிலம். வலசைக் காலத்தில் இருபதினாயிரத்துக்கு மேல் நீர்ப்பறவைகள் வரும். ஆனால் நாங்கள் போனது பிழையான நேரம், வெயில் கொதித்துச் சேறு கானலாக ஆடியது, பறவைகள் எல்லாம் தூரப் புள்ளிகள். வங்காலைக்குப் போவதென்றால் விடியப்புறம், இல்லாவிட்டால் மாலை நாலரைக்குப் பிறகு. வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தும்போது கவனம், கொழும்பு பஸ்கள் பறந்து வரும். தூரத்தில் மன்னார்த் தீவுப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது தெரியும், முப்பது காற்றாலைகள், 2020 கடைசியில் ஓடத் தொடங்கியவை. பறவைப் பாதையில் நிற்கிறது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மின்சாரம் வேண்டும், பறவையும் வேண்டும். அந்தக் கணக்கைத் தீர்க்க என்னால் முடியாது, நான் வான் ஓட்டி.

வர நினைக்கிறவர்களுக்கு: கார்த்திகைக் கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் பறவை இருக்கும். ஆனால் மார்கழி முழுக்க வாடையும் மழையும், வள்ளம் இறங்காது. தை நடுவிலிருந்து பங்குனி நடு வரைக்கும்தான் சரியான காலம். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பிவிடும், பறவையும் போய்விடும், அப்போது வந்து என்னை ஏசக்கூடாது. சப்பாத்து வேண்டாம், பழைய செருப்பும் முழங்கால் வரை மடிக்கக்கூடிய உடுப்பும் போதும். தண்ணீர், தொப்பி. சின்னப் பிள்ளைக்கு அங்கி நீங்களே கொண்டு வாருங்கள். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் கரையில் இருப்பது நல்லது. புள்ளி கேட்டால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒரு புள்ளி கழிவறைக்கும் அறுந்த பட்டிக்கும் போனது. ஓட்டிக்கு மட்டும் என்றால் ஐந்தும்.

கண்டல் கன்றை மறந்துவிட்டேன். வள்ளம் வாய்க்காலுக்குள் திரும்பி வந்தபோது ஓட்டி சின்னவனைக் கூப்பிட்டார். "ஒதுக்கத்திலையிருந்து ஒண்டும் கொண்டுபோகேலாது அப்பன். உனக்கெண்டு இஞ்சை ஒரு இடம் தாறன்" என்று சேற்றுத்திட்டுக்குப் பக்கத்தில் வள்ளத்தை அணைத்தார். அவன் குனிந்து, கூர் நுனி கீழே இருக்கக் குத்தினான். கை முழங்கை வரைக்கும் சேறு. ஸ்காபரோவுக்குப் போன பிறகு ஒவ்வொரு சனியும் தாயின் வாட்ஸ்அப்பிலிருந்து எனக்குக் குரல்செய்தி வரும், "அங்கிள், என்ரை மரம் வளந்திட்டுதோ?"

பங்குனியில் இன்னொரு ஹயருக்கு அங்கே போனேன். ஓட்டியும் நானும் அந்தத் திட்டைத் தேடிப் பிடித்தோம். அங்கே பதினைந்து இருபது கன்று நின்றன, எல்லாம் ஒரே உயரம், சிலதில் இரண்டு இலையும் வந்திருந்தது. எது அவனுடையது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. நடுவில் நிமிர்ந்து நின்ற ஒன்றைப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.